தடை எப்போது வந்து சேர்கிறது? பார்வைப் புறணியின் ஒரு நியூரானை வைத்து ஓர் ஆய்வு

மயக்க நிலையில் இருக்கும் மக்காக் குரங்கின் முதன்மைப் பார்வைப் புறணியில், அதாவது வி1 பகுதியில், ஒரு மின்முனை ஒரே ஒரு நியூரானின் ஸ்பைக்குகளை, அதாவது மின்துடிப்புகளை, பதிவு செய்துகொண்டிருக்கிறது. திரையில் ஒரு சிறிய வட்டம். அதற்குள் சாய்ந்த கோடுகள் நகர்கின்றன. அந்த நியூரானுக்குப் பிடித்த சாய்வு என்பதால் ஒலிபெருக்கியில் ஸ்பைக்குகள் படபடவென்று கேட்கின்றன. இப்போது அந்த வட்டத்தைச் சுற்றி, அதே சாய்வுள்ள கோடுகளால் ஆன ஒரு வளையத்தைச் சேர்க்கிறார்கள். வளையத்தை மட்டும் தனியாகக் காட்டிப் பார்த்தால் நியூரான் கண்டுகொள்வதே இல்லை. நடுவட்டத்தோடு சேர்த்துக் காட்டினால் மட்டும் படபடப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது.

இதைச் சூழல் ஒடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். இது புதிதாகக் கண்ட விஷயம் இல்லை. ஹூபெலும் வீஸலும் 1965-லேயே பூனையின் பார்வைப் புறணியில், கோடு ஓர் அளவுக்கு மேல் நீண்டால் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும் நியூரான்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒடுக்கம் இருக்கிறதா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. அது எந்த வழியாக வருகிறது என்ற கேள்விதான் பல பத்தாண்டுகள் இழுத்தது. அதற்கு ஓரளவு விடை கொடுத்தது நேரம். வளையம் திரையில் தோன்றியதிலிருந்து ஸ்பைக்குகள் குறையத் தொடங்கும் வரை எத்தனை மில்லிவிநாடி என்ற ஒற்றைக் கணக்கு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வையத் பேர், ஜேம்ஸ் கவனா, அந்தோனி மவ்ஷன் ஆகியோர் 2003-ல் வெளியிட்ட அளவீடுகளையும், அதே குழுவினர் 2006-ல் செய்த தொடர்ச்சியையும் இங்கே நடுவில் வைத்துப் பார்க்கிறேன். சுற்றியுள்ள மற்ற வேலைகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

வழியும் வேகமும்

வளையம் இருக்கும் இடத்தைப் பார்க்கும் நியூரான்கள், நாம் பதிவு செய்யும் நியூரானிலிருந்து புறணியில் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து இங்கே செய்தி வர ஒரு வழி, வி1-க்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும் கிடைமட்ட இணைப்புகள். இவை, செய்தியை வேகப்படுத்தும் மயலின் உறை இல்லாத மெல்லிய ஆக்சான்கள், அதாவது நியூரானின் நீண்ட இழைகள். வேகம் நொடிக்குச் சுமார் 0.1 முதல் 0.3 மீட்டர்தான். இன்னொரு வழி, செய்தி பார்வைப் பாதையின் அடுத்த கட்டமான வி2 போன்ற மேல் பகுதிக்குப் போய் அங்கிருந்து பின்னூட்டமாகத் திரும்புவது. சுற்றுவழி மாதிரித் தெரிகிறது, ஆனால் இந்த ஆக்சான்கள் தடித்தவை, உறை உள்ளவை. ஜிரார், ஹூபே, புல்லியே மூவரும் 2001-ல் குரங்குகளில் அளந்தபோது, வி1-க்கும் வி2-க்கும் நடுவே போகும் பாதை, வரும் பாதை இரண்டுமே நொடிக்கு 3.5 மீட்டர் அளவில் இருந்தன. கிடைமட்ட இணைப்புகளைப் போலப் பத்து மடங்கு. மூன்றாவதாக, ஒடுக்கம் புறணிக்கு வரும் முன்பே விழித்திரையிலும், அங்கிருந்து புறணிக்குச் செய்தி கடத்தும் தலாமஸிலும் நடந்து முடிந்திருக்கலாம். அப்படியானால் புறணிக்கு அது கிளர்ச்சியோடு, அதாவது நியூரானைத் துடிக்கவைக்கும் செய்தியோடு, ஒட்டியே வந்து சேரும், தனித் தாமதம் எதுவும் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்வை மையத்திலிருந்து 5 பாகை தள்ளி, மக்காக்கின் வி1-ல் ஒரு பாகை பார்வைப் புலத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் புறணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. வளையத்தை 3 பாகை தள்ளி வைத்தால் புறணியில் தூரம் சுமார் 6 மில்லிமீட்டர். நொடிக்கு 0.2 மீட்டரில் போனால் 30 மில்லிவிநாடி பிடிக்கும், 0.1 மீட்டர் என்றால் 60. நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில், போக வர 2 சென்டிமீட்டர் சுற்றினாலும் பயண நேரம் 6 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும். அப்புறம் இடையில் நியூரான்கள் இணையும் சினாப்ஸ்களுக்குச் சில மில்லிவிநாடிகள். திரையில் படம் வந்து சுமார் 40 மில்லிவிநாடியில் வி1 துடிக்கத் தொடங்கிவிடும் என்னும்போது, 10-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை.

இதைவிடக் கூர்மையான சோதனை, தாமதம் தூரத்தோடு ஏறுகிறதா என்று பார்ப்பது. பக்கவாட்டு வழி என்றால் வளையத்தை நகர்த்த நகர்த்தத் தாமதம் சீராகக் கூட வேண்டும். பின்னூட்டம் என்றால் அவ்வளவாகக் கூடத் தேவையில்லை. மேல் பகுதி நியூரான் ஒன்றின் ஏற்புப் புலமே, அதாவது அது பார்க்கும் பரப்பே, பெரியது. நடுவட்டமும் தூரத்து வளையமும் அதற்குள் ஒன்றாகவே அடங்கிவிடும். அசைவைக் கையாளும் மேல் பகுதியான எம்.டி.யில் ஒரு நியூரானின் ஏற்புப் புலம், அதே இடத்தைப் பார்க்கும் வி1 நியூரானுடையதைவிட விட்டத்தில் பத்து மடங்கு அளவுக்குப் பெரிது.

அளப்பதுதான் பெரிய தலைவலி

கேட்க எளிது. செய்யும்போது முதல் முட்டுக்கட்டை, செல்லுக்கு வெளியே நிற்கும் மின்முனைக்கு ஸ்பைக் மட்டும்தான் தெரியும் என்பது. நடுவட்டத்தையும் வளையத்தையும் ஒரே கணத்தில் காட்டினால், முதல் ஸ்பைக் வரும்வரை ஒடுக்குவதற்கு அங்கே எதுவுமே கிடையாது. ஒடுக்கம் கிளர்ச்சிக்கு 10 மில்லிவிநாடி முன்பே வந்து காத்திருந்தாலும், சேர்ந்தே வந்தாலும், பதிவில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய அளவீடுகள் பலவற்றில் இந்த எல்லை உண்டு. நீரிமும் வான் எஸ்ஸனும் 1992-ல் விழித்திருக்கும் குரங்கிடம், கோடுகளால் நிரம்பிய பின்னணியைக் காட்டி அளந்தார்கள். பொதுவான ஒடுக்கம் துடிப்பு தொடங்கிய 7 மில்லிவிநாடிக்குள்ளேயே தெரிந்தது. சாய்வு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்த வேறுபாடு 15 முதல் 20 மில்லிவிநாடி கழித்து வந்தது. ஒடுக்கம் ஒரே பொருள் இல்லை, குறைந்தது இரண்டு துண்டு என்பதற்கு அதுவே நல்ல தடயம். என்றாலும் முதல் துண்டு உண்மையில் எப்போது வந்தது என்று அந்த முறையால் சொல்ல முடியாது.

இதைத் தாண்ட, தூண்டலை ஒருமுறை காட்டி நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இந்தக் குழு 2002-ல் செய்த முந்தைய வேலையில், நியூரானுக்குப் பிடித்த தூண்டலையும் பிடிக்காத தூண்டலையும் வேகமாக, ஒழுங்கற்ற வரிசையில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நியூரான் உச்சத் துடிப்புக்கும் அமைதிக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலையும் அடுக்கிச் சராசரி எடுத்தால் துடிப்பு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது மில்லிவிநாடித் துல்லியத்தில் கிடைக்கும். அதில் அவர்கள் கண்ட ஒரு விஷயம் அடுத்த கட்டத்துக்கு மிக முக்கியம்: புறணி நியூரான்களில், துடிப்பு தொடங்க ஆகும் தாமதத்தைவிட அது நிற்க ஆகும் தாமதம் பொதுவாகக் குறைவு.

ஏன் முக்கியம்? சும்மா இருக்கும் நியூரான் துடிக்க வேண்டும் என்றால், அதன் சவ்வு மின்னழுத்தம் அடியிலிருந்து ஏறி வாசலைத் தொட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் நியூரானுக்கு ஊட்டம் குறைந்தால், அடுத்த ஸ்பைக் வராமல் போவதே போதும், உடனே தெரிந்துவிடும். ஏறுவதும் இறங்குவதும் சமமான ஓட்டப்பந்தயம் இல்லை. சரி, ஒடுக்கம் என்பது ஓர் இறக்கம். அதைக் கிளர்ச்சியின் ஏற்றத்தோடு மட்டும் ஒப்பிட்டு, ஒடுக்கம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று வியந்தால் அந்த வியப்பில் ஒரு பகுதி வாசலின் வேலை. நியாயமான ஒப்பீடு, நடுவட்டத்தை எடுத்தபோது வரும் இறக்கத்தோடு வளையத்தைச் சேர்த்தபோது வரும் இறக்கத்தை வைத்துப் பார்ப்பது. வளையத்தை எடுத்தபின் துடிப்பு மீளும் ஏற்றத்தையும் அப்படியே கிளர்ச்சியின் ஏற்றத்தோடு வைக்க வேண்டும். 2003 கட்டுரை தொடக்கம், முடிவு இரண்டையும் இப்படிப் பிரித்து ஒப்பிட்டது. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பெரும்பாலும் வேக எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு என்னவோ இந்த ஒப்பீடுதான் அதன் உண்மையான கெட்டிக்காரத்தனம் என்று படுகிறது.

கிடைத்தது என்ன

வளையத்தைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒடுக்கத்தின் தாமதம், பக்கவாட்டு இணைப்புகளை வைத்து எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. அவர்கள் மதிப்பிட்ட பரவும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவில் இருந்தது. 0.1, 0.3 என்ற எண்களோடு இது ஒத்துப்போகாது. தூரத்துச் சூழலிலிருந்து வரும் ஒடுக்கத்துக்குக் கிடைமட்ட இணைப்பு மட்டும் காரணம் என்ற பழைய பாடநூல் விளக்கத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான்.

இன்னொரு முடிவு: ஒடுக்கத்தின் தாமதம் அதன் வலிமையைப் பொறுத்திருந்தது. வலுவான ஒடுக்கம், வலுக்குறைந்ததைவிடச் சராசரியாக 30 மில்லிவிநாடி முன்னதாக வந்தது. சில நியூரான்களில் அது கிளர்ச்சியையே முந்தியது.

இதன்மேல் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு வலை இருக்கிறது. கற்பனையாக இரண்டு நியூரான்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒடுக்கம் மிகச் சரியாக ஒரே கணத்தில் தொடங்குகிறது. இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒன்றுதான். ஒன்றில் துடிப்பு நொடிக்கு 60 ஸ்பைக்கிலிருந்து 10-க்கு இறங்குகிறது, மற்றதில் 60-லிருந்து 45-க்கு. பதிவில் இயல்பாகவே இருக்கும் இரைச்சல் மேலும் கீழும் 8 என்று வையுங்கள். ஒடுக்கம் தொடங்கிவிட்டது என்று சொல்ல, துடிப்பு 52-க்குக் கீழே போக வேண்டும் என்று கோடு போடுகிறோம். முதல் நியூரான் தன் மொத்த இறக்கத்தில் ஆறில் ஒரு பங்கு இறங்கியதுமே கோட்டைத் தாண்டிவிடும். இரண்டாவது பாதிக்கு மேல் இறங்க வேண்டும். தொடக்கம் ஒன்றாக இருந்தும் வலுக்குறைந்த ஒடுக்கம் தாமதமாக வந்ததாகக் கணக்கு காட்டும். தாமதத்தை அளக்கும் எந்த முறைக்கும் இந்த ஒருபக்கச் சார்பு கொஞ்சமாவது உண்டு.

அப்படியானால் அந்த 30 மில்லிவிநாடி முழுக்க அளவீட்டு மாயையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறக்கம் செங்குத்தாக இருந்தால் கோட்டைத் தாண்டும் வித்தியாசம் ஒற்றை இலக்க மில்லிவிநாடிகளில்தான் வரும். 30 வர வேண்டுமென்றால் இறக்கமே மிக மந்தமாக இருக்க வேண்டும். மேலும், ஒடுக்கம் கிளர்ச்சியை முந்தும் நியூரான்களை இந்த வாதத்தால் விளக்க முடியாது. அளவீட்டின் இந்தச் சார்பு ஒடுக்கத்தைத் தாமதமாகக் காட்டுமே தவிர முன்னதாகக் காட்டாது. கிளர்ச்சிக்கே இப்படி ஒரு பழக்கம் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது: படத்தில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாட்டைக் குறைத்தால் வி1 நியூரான் குறைவாகத் துடிப்பதோடு, தாமதமாகவும் துடிக்கத் தொடங்குகிறது. வலிமையும் நேரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவது இந்த அமைப்பின் இயல்பு. ஆனாலும் பிறர் எடுத்த தாமத எண்களை ஒப்பிடும்போது, அந்த நியூரான்களில் ஒடுக்கம் எவ்வளவு வலுவாக இருந்தது என்று முதலில் பார்ப்பது நல்லது. இரண்டு சோதனைகளின் சராசரித் தாமதம் 20 மில்லிவிநாடி வேறுபட்டால், ஒன்றில் வலுவான நியூரான்கள் அதிகம் இருந்ததே காரணமாக இருக்கலாம்.

ஒரே நியூரானில் இரண்டு கடிகாரம்

ஒடுக்கத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. நடுவட்டத்தின் மேலேயே, பிடித்த சாய்வுக்குக் குறுக்காக இன்னொரு கோட்டு அமைப்பை ஏற்றினாலும் துடிப்பு குறையும். பூனையில் மரோனே, பர், மஃபெய் 1982-ல் இதைக் காட்டினார்கள். முதலில் எல்லோருக்கும் தோன்றிய விளக்கம், குறுக்குச் சாய்வை விரும்பும் நியூரான்கள் நம் நியூரானைத் தடுக்கின்றன என்பது. நேரத்தை வைத்துப் பார்த்தால் இது தடுமாறுகிறது. மேத்யூ ஸ்மித், பேர், மவ்ஷன் 2006-ல் இரண்டு வடிவங்களையும் அளந்தபோது, மேலே ஏற்றிய குறுக்குக் கோடுகளின் ஒடுக்கம் கிளர்ச்சியோடு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. சூழல் ஒடுக்கம் பின்தங்கியது. புறணிக்குள் ஒரு தடுப்பு நியூரானைத் துடிக்கவைத்து, அது நம் நியூரானைத் தடுத்து என்று ஒரு சுற்றுப் போனால் சில மில்லிவிநாடியாவது பின்தங்க வேண்டும். பின்தங்கவில்லை என்றால் செய்தி வரும் வழியிலேயே வேலை முடிந்துவிட்டது என்றுதான் எண்ண வேண்டும்.

வேறொரு பக்கத்திலிருந்தும் இதே முடிவு வந்தது. ஃப்ரீமன், கரான்டினி முதலானோர் 2002-ல் குறுக்குக் கோடுகளை மிக வேகமாக ஓடவிட்டார்கள். பெரும்பாலான புறணி நியூரான்களால் பின்தொடர முடியாத வேகம், தலாமஸால் மட்டும் முடிந்த வேகம். அப்போதும் ஒடுக்கம் நின்றபாடில்லை. புறணியே துடிக்காதபோது புறணித் தடுப்பு எங்கிருந்து வரும்? தலாமஸிலிருந்து வரும் சினாப்ஸ்கள் தளர்ந்துபோவதே காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். 2006-ல் ப்ரீபியும் ஃபெர்ஸ்டரும் அதைவிட எளிதாக, தலாமஸ் நியூரான்களின் துடிப்பு உச்சவரம்பில் முட்டிக்கொள்வதும் அடிமட்டத்தில் வெட்டுப்படுவதுமே பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று காட்டினார்கள். விளக்கம் மாறினாலும் இடம் மாறவில்லை, இரண்டிலும் வேலை நடப்பது புறணிக் கணக்கு தொடங்கும் முன்பே.

ஆக ஒரே நியூரானுக்கு வரும் தடைகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. சூழல் ஒடுக்கத்துக்குள்ளேயே கூட வெப் முதலானோர் 2005-ல் இரண்டு துண்டுகளைப் பிரித்தார்கள். ஒன்று சாய்வைப் பொருட்படுத்தாதது, வேகமான அசைவையும் தாங்குவது, ஒரு கண்ணுக்குள் அடங்குவது. அது பாதையின் தொடக்க நிலைகளில் உண்டாவதுபோல் நடந்துகொள்கிறது. மற்றது சாய்வைத் தேர்ந்து செயல்படுவது, இரு கண்களையும் இணைப்பது, தொடர்ந்து காட்டினால் களைத்துப்போவது. இது புறணியின் குணம். அலிட்டோவும் அஸ்ரியும் 2008-ல் விழித்திரையிலேயே சூழல் ஒடுக்கம் வலுவாக இருப்பதைக் காட்டியபோது முதல் துண்டுக்கு ஒரு வீடு கிடைத்தது. நீரிம், வான் எஸ்ஸன் கண்ட 7, 15 முதல் 20 என்ற இரண்டு எண்களும் இந்தப் பிரிப்போடு அழகாகப் பொருந்துகின்றன.

தடை என்று அழைப்பது சரிதானா

இதுவரை ஒடுக்கம் என்றால் ஏதோ ஒரு தடுப்புச் செய்தி வந்து சேர்கிறது என்ற பாவனையில் பேசிவந்தோம். செல்லுக்குள் மின்முனையை இறக்கியவர்கள் கண்டது வேறு. ஓசெகி, ஃபெர்ஸ்டர், மில்லர் முதலானோர் 2009-ல் பூனையின் வி1-ல் அளந்தபோது, வளையம் நிலையாக இருக்கையில் நியூரானுக்கு வரும் கிளர்ச்சி குறைந்தது, தடுப்பும் சேர்ந்து குறைந்தது. ஆனால் ஒடுக்கம் தொடங்கும் கணத்தில், சிறிது நேரத்துக்கு மட்டும், தடுப்பு ஏறி இறங்கியது. ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளும் கிளர்ச்சி நியூரான்களைத் தடுப்பு நியூரான்கள் பிடித்து நிறுத்தியிருக்கும் வலையில் இது எதிர்பார்க்க வேண்டியதே. சுற்றிலிருந்து வந்த செய்தி தடுப்பு நியூரான்களை ஒரு கணம் தூண்டுகிறது. அவை கிளர்ச்சி நியூரான்களை அடக்குகின்றன. கிளர்ச்சி விழுந்ததும் தடுப்பு நியூரான்களுக்கே ஊட்டம் இல்லாமல் அவையும் அடங்குகின்றன. வளையம் வந்து வெகுநேரம் கழித்து அளந்தவர்களுக்குத் தடுப்பே இல்லை என்று தெரிந்திருக்கும்; தொடக்கத்தில் அளந்தவர்களுக்குத் தடுப்புதான் எல்லாம் என்று தெரிந்திருக்கும்.

இந்த வலை விளக்கம் வலிமைக்கும் நேரத்துக்கும் உள்ள உறவையும் இயல்பாக்குகிறது. வலுவாக வரும் முதல் உதை வலையை வேகமாகச் சரிக்கும். மெல்லிய உதை மெதுவாகச் சரிக்கும். 30 மில்லிவிநாடியில் ஒரு பகுதி பயண நேரமே இல்லை, வலை சரிய எடுத்துக்கொண்ட நேரம் என்று நான் நினைக்கிறேன். அப்படியென்றால் தூரத்தைத் தாமதத்தால் வகுத்து வேகம் கண்டுபிடிக்கும்போது எச்சரிக்கை தேவை. ஒரே வலிமையில் ஒடுக்கும் இரு தூரங்களை ஒப்பிட்டால் மட்டுமே அந்த வகுத்தலுக்குப் பொருள் உண்டு.

பின்னூட்டத்தை அணைத்தால்

நேரம் காட்டிய திசையில் அடுத்தடுத்துச் சோதனைகள் போயின. நாசி, லோம்பர், பார்ன் 2013-ல் விழித்திருக்கும் மக்காக்கின் வி2, வி3 பகுதிகளைக் குளிர்வித்துச் செயலிழக்கவைத்தபோது வி1-ன் சூழல் ஒடுக்கம் குறைந்தது. 2018-ல் நுர்மினென், ஆஞ்செலூச்சி குழுவினர் மார்மொசெட் குரங்கில், வி2-லிருந்து வி1-க்கு வரும் பின்னூட்ட ஆக்சான்களை மட்டும் ஒளியால் அணைத்தார்கள். ஒடுக்கம் குறைந்தது, ஏற்புப் புலம் பெரிதானது. அதே ஆண்டு அதே ஆய்வகத்திலிருந்து வந்த பிஜான்சாதேவின் அளவீடுகளில், தூரத்துச் சூழலைத் தூண்டும்போது பின்னூட்டம் வந்திறங்கும் மேல் அடுக்கும் கீழ் அடுக்குகளும் முதலில் பதிலளித்தன. தலாமஸிலிருந்து செய்தி வாங்கும் நான்காம் அடுக்கு முதலில் இல்லை.

எலியில் கதை கொஞ்சம் மாறுகிறது. அடெஸ்னிக் முதலானோர் 2012-ல், சோமடோஸ்டாடின் வகைத் தடுப்பு நியூரான்களைக் கிடைமட்ட இணைப்புகள் தூண்டுவதும், அவற்றை அடக்கினால் சூழல் ஒடுக்கம் குறைவதும் காட்டினார்கள். எலியின் வி1 சிறியது. பக்கவாட்டுப் பயணமே குறுகியது. அங்கே மெதுவான ஆக்சானும் நேரத்துக்கு வந்துவிடும். அதனால் எலி முடிவைக் குரங்கு முடிவுக்கு எதிராக நிறுத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. குரங்கிலுமே பக்கத்துச் சூழலுக்குக் கிடைமட்ட இணைப்புகள் தாராளமாக எட்டும். சிக்கல் தூரத்துச் சூழலில்தான்.

அணைத்துப் பார்க்கும் சோதனைகளில் ஒரு குறை தெரிகிறது. அவை பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிகளுக்குச் சராசரி எடுத்து, ஒடுக்கம் எவ்வளவு குறைந்தது என்று சொல்கின்றன. வலை ஒருமுறை சரிந்தபின் யார் முதலில் தள்ளியது என்று சராசரியில் தெரியாது. பின்னூட்டத்தை ஒளியால் அணைத்த நிலையில், நடுவட்டத்தை ஓடவிட்டு, வளையத்தை மட்டும் ஒழுங்கற்ற வரிசையில் மாற்றி, ஒடுக்கத்தின் முதல் 20 மில்லிவிநாடியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். விழித்திரையிலிருந்து வரும் துண்டு அப்படியே நிற்க வேண்டும், தூரத்துச் சூழலின் சாய்வு சார்ந்த துண்டு பின்னுக்குத் தள்ளிப்போக வேண்டும். அளவு குறைந்து நேரம் மாறாமல் இருந்தால், வேறு வழியில் வரும் செய்தியைப் பின்னூட்டம் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று ஆகும்.